பொருள்: வாளியில் அலை செய்யும் கருவிக்குத் தமிழ்ச் சொல் (வியாழன் காலை அச்சு)

கல்லடி, விஞ்ஞான ஆசிரியை:
வணக்கம். கண்காட்சிக்கு எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் முருகைக்கல் (பவளப்பாறை) மீன்தொட்டி செய்கிறார்கள். உயிர் முருகை எடுப்பது குற்றம், ஆகவே சீமெந்துக் கல்தான். முருகை இடம்பெயராது, இரையும் ஒட்சிசனும் நீரோட்டத்தோடு வரவேண்டும். அதைக் காட்ட அலை உண்டாக்கும் பம்பி வாங்கக் காசில்லை. அதனால் தொட்டிக்கு மேலே ஒரு வாளி. சின்னப் பம்பி அதை மெல்ல நிரப்பும். கவிழ்த்த 'ப' போன்ற குழாயின் முதுகைத் தண்ணீர் தாண்டியதும் ஒரே மூச்சில் கீழே கொட்டும். காற்றுப் புகுந்தால் நிற்கும், திரும்ப நிரம்பும். ஹவாய் வைக்கிக்கி மீன்காட்சியகத்தில் இருந்த புரூஸ் கார்ல்சன் பெயரால் 'கார்ல்சன் சேர்ஜ்' என்கிறார்கள். தமிழில்?

வந்தாறுமூலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஓதத்தூம்பு. கடற்பெருக்குக்கு ஓதம் என்பது சங்கச் சொல். நீர் போகும் வழியான தூம்பு கல்வெட்டிலும் உண்டு. ஓதம் 'ஓது' அடியாகப் பிறந்தது என்பது என் துணிபு. கடல் ஓயாமல் ஓதுகிறதல்லவா? ஓசையைக் குறிக்கும் 'ஓதை'யும் அவ்வழியே. வேண்டுமானால் விரித்து எழுதுகிறேன்.

அக்கரைப்பற்று:
வேண்டாம் சேர். எங்கட பக்கம் ஓதம் என்றால் விரைவீக்கம். பலகையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிச்சே சாவாங்க. அலைவாளி என்று போடுங்க. டீச்சர், பம்பி மெலிவு, குழாய் பருமன் என்றால் தண்ணீர் வளைவில் சும்மா வழிஞ்சுகொண்டே இருக்கும், கொட்டவே கொட்டாது. ஒரு சைஸ் சின்னக் குழாய் போட்டுப் பாருங்க. வாளி நிரம்பி வழிந்தால் தொட்டிக்குள் போக இன்னொரு குழாயும் வேணும்.

கல்லாறு:
ஊர்ச்சொல் இருக்க ஏன் அலைகிறோம்? மாரியில் வாவி நிரம்பியதும் மணல்திட்டை வெட்டி, தண்ணீர் கடலுக்குப் போக ஆற்றுவாய் திறக்கிறோமே, அதே வேலைதான். ஆகவே இந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆற்றுவாய்த் தாங்கி! (வெட்டாவிட்டால் வயல்காரர் ஏச்சு, வெட்டினால் இறால்காரர் ஏச்சு. அது வேறு கதை.)

சென்னை:
தாங்கி என்றால் எங்களுக்கு பேரிங். இந்தக் கருவியில் சுழலும் பாகமே இல்லையே!

வந்தாறுமூலை:
ஆற்றுவாய் ஆள் வெட்டினால்தான் திறக்கும். இது தானே கொட்டுகிறது. அலைவாளியும் சரியில்லை. வினைத்தொகையாகப் பிரித்தால் ஊர் ஊராய் அலைகிற வாளி. செய்யுளிலோ வாளி அம்பு.

அக்கரைப்பற்று:
கண்காட்சிக்கு வாறவங்க செய்யுள் படிச்சிட்டா வாறாங்க?

சென்னை:
அலைவாளிக்கே என் ஓட்டும். தூக்கம் வருகிறது.

கல்லடி:
சரி, அலைவாளி என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். குழாயை மாற்றினோம், இப்போது கொட்டுகிறது. ஆனால் குமிழி பறந்து தொட்டி விளிம்பெல்லாம் உப்புப் படிகிறது. குழாயின் வாயை நீருக்குள் இறக்கினால் குறையுமா?

அக்கரைப்பற்று:
கொஞ்சம் குறையும். மூடியும் போடுங்க.

வந்தாறுமூலை:
ஓதத்தூம்பு என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்த்திருக்கலாம். 'ஓதை' பற்றிய குறிப்பைத் தனி மடலில் அனுப்புகிறேன்.