எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இலவச வக்கீல்: பேர் வெளியே வராமல் வழக்குப் போட முடியுமா?

கேள்வி: கணவர் இறந்ததும் புகுந்த வீட்டில் வெளியே போகச் சொல்கிறார்கள். கூலி வேலை, வக்கீல் பீஸுக்கு வழியில்லை. எங்கே போக?

பதில் 1: மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே, இலவச வக்கீல் அமர்த்தித் தரும் அரசு அமைப்பான சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகாவில் அதன் வட்டக் குழு. வெள்ளைத்தாளில் மனு, ஆதார் நகல் போதும். பெண் என்றால் 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12ஆம் பிரிவுப்படி வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்று கேட்டு அலைக்கழித்தால் ஆணைக்குழுச் செயலாளரைப் பாருங்கள். போனில் கேட்க 15100.

பதில் 2: ஏஆர்டி (எச்.ஐ.வி. மருந்து சிகிச்சை) புத்தக நகலை முதல் மனுவோடு இணைக்காதீர்கள், அது பல மேஜை தாண்டும். 2017 எச்.ஐ.வி. சட்டம் 29ஆம் பிரிவு: சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது. 34ஆம் பிரிவு: புனைபெயரில் வழக்கு, மூடிய அறையில் விசாரணை என்று கோர்ட்டில் மனுப் போட்டுக் கேட்கலாம்.

பதில் 3: சறுக்குவது இங்கேதான். நிஜப்பேரில் வழக்கைப் போட்டுவிட்டு அப்புறம் மறைக்கக் கேட்பார்கள். அதற்குள் வழக்கு விவரங்களை யாரும் பார்க்கக்கூடிய இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பேர் ஏறிவிடும். புனைபெயர் மனுவையும் வழக்கோடு அதே நாளில் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். நியமித்த வக்கீல் 'செலவுக்கு' என்று காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம்.

கேட்டவர்: ஆண்களுக்கு?

பதில் 1: எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி போன்ற சில பிரிவினருக்கு வருமான வரம்பில்லை. மற்றவர்களுக்கு உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.