மில்டன் சூறாவளி: டாம்பாவில் மூன்றாம் மாடியில் இருப்பவர்களும் வெளியேறத்தான் வேண்டுமா?

தென்கரை — அக்டோபர் 8, 2024, காலை

வணக்கம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டாம்பாவின் தென்பகுதியில், நான்கு மாடிக் கான்கிரீட் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோர் என ஐந்து பேர். எங்கள் முகவரி வெளியேற்ற மண்டலம் 'பி'யில் வருவதால், ஹில்ஸ்பரோ கவுண்டியின் (மாவட்டத்தின்) கட்டாய வெளியேற்ற ஆணை எங்களுக்கும் பொருந்துகிறது. ஆனால் காப்பீட்டுக்காகப் பார்த்த வரைபடத்தில் இதே முகவரி வெள்ள மண்டலம் 'எக்ஸ்', அதாவது அபாயம் குறைந்த இடம் என்று இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு முன் ஹெலீன் சூறாவளி வந்தபோதும் தெருமுனை வரை வந்த நீர் எங்கள் கட்டடத்தைத் தொடவில்லை.

அப்பா வேதாரண்யத்துக்காரர். 2018-இல் கஜா புயலை ஓட்டு வீட்டுக்குள் இருந்தே கடந்தவர் என்பதால், இவ்வளவு கெட்டியான கட்டடத்தை விட்டுவிட்டு நடுச்சாலையில் போய் மாட்டிக்கொள்வதா என்று கேட்கிறார். அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட நண்பர்கள் ஐ-75 நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள். வழியில் பல நிலையங்களில் பெட்ரோல் இல்லையாம். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பது வேறு கவலை. மூன்றாம் மாடியில் தங்குவது உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா? போகத்தான் வேண்டுமென்றால் எவ்வளவு தூரம் போக வேண்டும்?

பழையகுடி — அக்டோபர் 8, முற்பகல்

நீங்கள் பார்த்த இரண்டு வரைபடங்களும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். 'எக்ஸ்' என்பது வெள்ளக் காப்பீட்டுக்காக வகுத்தது. ஏ முதல் ஈ வரையிலான வெளியேற்ற மண்டலங்களோ, சூறாவளிக் காற்று கடலை எவ்வளவு உயரம் நிலத்துக்குள் ஏற்றும் என்பதை மட்டும் வைத்து வகுத்தவை. இன்றைக்கு நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை. பதினெட்டு ஆண்டுகளாகப் பக்கத்துப் பினெல்லஸ் கவுண்டியில் குடியிருக்கிறேன். இந்தக் குழப்பம் இல்லாத சூறாவளிப் பருவம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

ஹெலீனை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் மையம் நூறு மைலுக்கும் அப்பால், நடுக்கடலில் வடக்கு நோக்கிக் கடந்து போனது. அப்படிப் போனதே டாம்பா விரிகுடாவில் ஆறேழு அடி நீரை ஏற்றியது. பினெல்லஸ் கவுண்டியில் மட்டும் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். நனைந்த மெத்தைகளும் குளிர்பதனப் பெட்டிகளும் இன்னும் தெருவோரங்களில் குவிந்து கிடக்கின்றன, அடுத்த காற்றில் அவை எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. மில்டனுக்குச் சொல்லப்படும் உயரம் 10 முதல் 15 அடி. டாம்பா விரிகுடாவின் சராசரி ஆழமே ஏறத்தாழ 12 அடிதான். ஆழமில்லாத, உள்ளே போகப் போகக் குறுகும் நீர்ப்பரப்பில் தள்ளப்படும் கடலுக்குக் கீழே போக இடமில்லாததால், அது மேலேதான் எழும்பும்.

அப்பா சொல்வதில் காற்றைப் பொறுத்தவரை நியாயம் இருக்கிறது. உங்கள் கட்டடம் காற்றைத் தாங்கிவிடும். மூன்றாம் மாடிக்குக் கடல் வரப்போவதுமில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் உப்பு நீர் புகுந்தால் மின்சாரமும் லிஃப்டும் நின்றுவிடும், கழிவுநீர்க் குழாய் எதிர்த்துக்கொண்டு வரும், தெரு ஓடையாகிவிடும். காற்று ஓர் அளவைத் தாண்டியபின் ஆம்புலன்ஸும் புறப்படாது. அந்த நேரத்தில் சர்க்கரை இறங்கி அப்பா மயங்கினால், மூன்று மாடி அவரை இறக்கி எங்கே கொண்டுபோவீர்கள்?

அட்லாண்டா தேவையே இல்லை. அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்வது, நூற்றுக்கணக்கான மைல்கள் ஓட வேண்டாம், பத்து இருபது மைல் உள்நாட்டுக்குப் போனால் போதும் என்பதுதான். கிழக்கே பிளான்ட் சிட்டி, லேக்லாண்ட் பக்கம் உறுதியான வீடுள்ள நண்பர் இருந்தால் அங்கே போங்கள், இல்லையேல் கவுண்டி திறந்துள்ள பள்ளிக்கூட முகாம்களில் ஒன்றுக்குப் போங்கள். இன்சுலினை ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. மின்சாரக் கார் என்றால் அதைக் கீழே விட்டுச் செல்லாதீர்கள். உப்பு நீரில் மூழ்கிய சில கார்கள் ஹெலீனுக்குப் பிறகு தீப்பற்றின.

சந்தேகி — அக்டோபர் 8, நண்பகல்

2004-இல் சார்லி, 2017-இல் இர்மா, 2022-இல் இயன் என்று சூறாவளிகள் வந்தன. மூன்று முறையும் டாம்பா அழியப்போகிறது என்றார்கள், மூன்றும் திசைமாறிப் போயின. இந்த முறை மேயர் ஜேன் காஸ்டர், வெளியேற்றப் பகுதியில் தங்கினால் செத்துப்போவீர்கள் என்று தொலைக்காட்சியிலேயே சொல்கிறார். டோகோபாகா பழங்குடியினரின் புதைமேடுகள் இந்த ஊரைக் காக்கின்றன என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அதை நான் நம்பவில்லை. ஆனாலும் நூறு ஆண்டுகளின் கணக்கு நம் பக்கம்தானே?

வளிமண்டலம் — அக்டோபர் 8, பிற்பகல்

திசைமாறிய புயல்கள் காற்றில் கரைந்துவிடவில்லை. சார்லி புன்டா கோர்டாவைத் தாக்கியது. இயன் ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் ஏறி, ஃபுளோரிடாவில் ஏறக்குறைய நூற்றைம்பது உயிர்களை எடுத்தது. டாம்பாவுக்குத்தானே வருகிறது என்று அங்கே கடைசி நாள்வரை இருந்துவிட்டவர்களும் அதில் உண்டு.

இங்கே எல்லாம் சில பத்து மைல்களில் தீர்மானமாகிறது. வடகோளத்தில் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், புயலின் மையமான கண் பகுதி விரிகுடா வாயிலுக்குச் சற்று வடக்கே கரையேறினால் காற்று கடலை உள்ளே தள்ளும். தெற்கே ஏறினால் அதே காற்று விரிகுடாவின் நீரை வெளியே இழுத்துவிடும். இயன் வந்தபோது தரை தெரிய நீர் வடிந்தது அதனால்தான். 1921 அக்டோபர் 25 அன்று கண் வடக்கே டார்பன் ஸ்பிரிங்ஸ் அருகே ஏறியது. விரிகுடாவில் பத்தடிக்கு மேல் நீர் எழுந்தது. அப்போது டாம்பாவின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐம்பதாயிரம். இன்று விரிகுடாவைச் சுற்றி முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள்.

மில்டன் நேற்று, வழக்கத்தைவிடச் சூடான மெக்சிகோ வளைகுடா நீரின்மேல், ஒரே நாளில் மணிக்கு 90 மைலுக்கு மேல் வேகம் கூடி, உச்சமான ஐந்தாம் வகையை எட்டியது. கரையை நெருங்கும்போது மேற்காற்றின் குறுக்கீட்டால் வகை குறையலாம். அதைக் கேட்டு ஆறுதல் கொள்ள வேண்டாம்: வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது, வேகம் குறையும்போதே காற்றுப் பரப்பு அகலக்கூடும், கடல் ஏற்கெனவே வாங்கிய உந்துதலும் உடனே அடங்கிவிடாது. வடக்கா தெற்கா என்பது கடைசிச் சில மணி நேரத்தில்தான் தெளிவாகும். அதற்குள் பாலங்கள் மூடப்பட்டிருக்கும்.

தென்கரை — அக்டோபர் 11, காலை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை மாலையே லேக்லாண்டில் நண்பர் வீட்டுக்கு வந்துவிட்டோம். புதன்கிழமை இரவு எட்டரை மணியளவில் மில்டன் மூன்றாம் வகைப் புயலாக, சரசோட்டா அருகே சியெஸ்டா கீயில் கரையேறியது. தெற்கே ஏறியதால் டாம்பா விரிகுடாவில் நீர் ஏறாமல் வடிந்தே போனது. கடல் ஏறியது வெனிஸ், மனசோட்டா கீ பக்கம். செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் மழை 18 அங்குலத்தைத் தாண்டிற்று. டிராபிகானா ஃபீல்ட் அரங்கத்தின் கூரை கிழிந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எதிர்பாராத அடி அட்லாண்டிக் கரையோரம் செயின்ட் லூசி கவுண்டியில் விழுந்தது. புயல் கரையேறுவதற்கு முன்பே சுழன்ற டொர்னேடோ ஒன்று, முதியோர் குடியிருப்பு ஒன்றில் ஆறு பேரைக் கொன்றுவிட்டது.

எங்கள் கட்டடத்தில் ஒரு சொட்டுக் கடல்நீர்கூட ஏறவில்லை. மின்சாரமும் லிஃப்டும் மட்டும் இல்லை என்று தங்கிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. விரிகுடா வடிந்த படத்தைக் காட்டி, கண் கொஞ்சம் வடக்கே ஏறியிருந்தால் இந்த நீரெல்லாம் எங்கே வந்திருக்கும் என்று விளக்கினேன். வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டார். இன்று திரும்பலாமா?

பழையகுடி — அக்டோபர் 11, முற்பகல்

அவசரப்பட வேண்டாம். மழைநீர் இப்போதுதான் கீழே இறங்கி வருகிறது. ஹில்ஸ்பரோ ஆறும் அலபையா ஆறும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. உங்கள் வழியில் நீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பெட்ரோல் அங்கேயே நிரப்பிக்கொண்டு, மின்சாரம் வந்தபின் புறப்படுங்கள். இன்சுலினுக்கு ஐஸ் இங்கே இன்னும் எளிதில் கிடைக்கவில்லை.