பழைய நெட்புக்கில் தமிழ்99 விசைப்பலகை: லிப்ரே ஒபிஸில் மட்டும் வேலை செய்யுதில்லை

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் ஒரு வாசிகசாலைக்கான நெட்புக்: இன்டெல் ஆட்டம் என்270, 1 ஜிபி ராம். சிப் 32 பிட் மட்டும்தான். டெபியன் லினக்ஸ் 13இல் அதற்கு இன்ஸ்டோலரே இல்லை, லுபுண்டு எப்பவோ கைவிட்டுவிட்டது. ஆகவே டெபியன் 12ஐ அடியாகக் கொண்ட அன்டிஎக்ஸ் 23 லினக்ஸ் போட்டேன்.

இன்ஸ்டோல் நடுவில் இரண்டு தரம் உறைந்தது. ராமின் பற்களில் கறை (கடற்காற்று சும்மா விடுமா?), அழிறப்பரால் தேய்த்ததும் சரி.

இப்போதைய சிக்கல் இதுதான். தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் போட்டாயிற்று. டெஸ்க்டொப்-செஷன் கோப்புறையின் ஸ்டார்ட்அப் கோப்பில் ஐபஸ் டீமனையும் (பின்னணியில் ஓடும் நிரல்) சேர்த்தாயிற்று. ஜீனி எடிட்டரில் தமிழ் வருது, லிப்ரே ஒபிஸில் ஆங்கிலமே. எந்த உள்ளீட்டு முறை என்று செயலிகளுக்குச் சொல்லும் ஜிடிகே ஐஎம் மொடியூல் மாறியை எந்தக் கோப்பில் எழுத வேண்டும்?

மற்றது, ரவுனுக்குள்ள டிடிஆர்2 லப்டொப் ராம் 2 ஜிபி ஒற்றைத் துண்டாக எங்கே கிடைக்கும்? மதர்போர்ட் அதுக்கு மேல் ஏற்காது.