பார்க்கின்சனுக்கு மூளையில் மின்முனை வைத்தவர்கள் யாராவது இருக்கிறீங்களா?

வணக்கம். நாங்கள் மாங்குளம். அப்பாவுக்கு வயது 66, பார்க்கின்சன் வந்து ஒன்பது வருசம். வலது கை நடுக்கத்தில் தொடங்கியது. இப்ப லெவோடோபா குளிசை போட்டு இரண்டு மணித்தியாலத்திலேயே உடம்பு இறுகிப் போகுது. மருந்து வேலை செய்யிற நேரத்தில் கை கால் தன்பாட்டில் ஆடுது. வாசற்படியில் கால் எழும்பாமல் அப்படியே நிண்டுவிடுவார்.

குளிசை நேரத்தை நெருக்கிப் பார்த்தம். மீன், பருப்பு மருந்தைச் சேரவிடாது எண்டதால் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதலே குடுக்கிறம். வேறு குளிசையும் சேர்த்தாச்சு. இனி மூளைக்குள்ள மெல்லிய கம்பி வைத்து மின்துடிப்புக் குடுக்கிற மின்முனைச் சிகிச்சைதான் எண்டு வைத்தியர் சொல்லுறார்.

அப்பா மறுக்கிறார். "குரங்குக்குச் செய்து பார்த்ததை எனக்கோ?" எண்டு கேக்கிறார். நான் வாசித்தவரை அந்தக் குரங்குகளாலதான் இந்த வழி திறந்தது. 1982இல் கலிபோர்னியாவில் கெட்ட போதைமருந்து ஏத்தின சில இளைஞர்கள் திடீரெண்டு இறுகிப்போனார்கள். காரணம் எம்பிடிபி எண்ட நஞ்சு. குரங்குகளுக்கு அதைக் குடுத்தபோது அதே நோய்க்குறிகள் வந்தன. எலிகளில் இவ்வளவு தெளிவாக வரவில்லை. 1990இல் அப்படிப்பட்ட குரங்குகளின் மூளையில் சப்தலாமிக் நியூக்ளியஸ் எண்ட சின்னப் பகுதியைச் செயலிழக்கச் செய்ததும் நடுக்கமும் இறுக்கமும் குறைந்தன. பிறகு பிரான்சின் கிரெனோபிளில் மனிதருக்கு அதே இடத்தில் மின்முனை வைத்தார்கள். அந்த விலங்குகள் பட்டது சின்ன வேதனை இல்லை; அப்பாவின்ர கேள்வியில் நியாயம் இருக்கு. ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் இறுகிக்கொண்டு போறதைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது. என்ர சொல்லை எடுக்கிறாரில்லை, அனுபவப்பட்ட ஆள் சொன்னால் கேப்பார்.

இந்தச் சிகிச்சை செய்தவரோ அவரின்ர வீட்டாரோ, அப்பாவோட தமிழில் ஒருக்கா போனில் கதைப்பீங்களா?