சங்கத்தில் ஆள் குறைகிறது, யோசனை சொல்லுங்கள்

சங்கம் நடத்திப் பழகிய அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி காட்டுங்கள். நான் கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறேன். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. எங்கள் ஜீப் ஓட்டுநர் சங்கத்தின் பழைய செயலாளர் உடம்பு முடியாமல் விலகியதால் போன மாதம் என்னை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள் (வேறு யாரும் கை தூக்கவில்லை என்பதுதான் நிஜம்).

முன்பெல்லாம் ஸ்டாண்டில் முறை வைத்துத்தான் வண்டி கிளம்பும், சங்கத்தில் இல்லாதவருக்குச் சவாரியே கிடையாது. இப்போது தோட்டத்து மேஸ்திரி வாட்ஸ்அப்பில் நேராகக் கூப்பிட்டுவிடுகிறார், இளவட்டங்கள் 'அப்புறம் எதற்குச் சந்தா' என்று கேட்கிறார்கள், எனக்கும் பதில் வரவில்லை. மலையில் வண்டி நின்றால் ஓடிப்போவது, செக்போஸ்டில் தகராறு என்றால் பேசுவது எல்லாம் இன்னும் சங்கம்தான், ஆனால் தேவைப்படும் நாள் வரை அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

முறையை எடுத்துவிட்டு விபத்து நிதி, மொத்தமாக இன்சூரன்ஸ் என்று மாறலாமா? தலைவர் ஐயாவிடம் கேட்டால் 'முறை போனால் சங்கமே போச்சு' என்கிறார். நல்ல மனிதர், ஆனால் பல வருடமாகத் தேர்தலே இல்லை. 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் காலம் 3 வருடத்தைத் தாண்டக் கூடாது. அவர் மனம் நோகாமல் பொதுக்குழுவைக் கூட்டுவது எப்படி? துணைவிதியை மாற்றிய அனுபவம் உள்ளவர்கள், முதலில் எதில் கை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.