விசைத்தறிச் சத்தத்தில் எடுத்த எண்கள் ரகசியச் சாவிக்கு ஆகுமா?

தறிவீடு:
சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சுவரே விசைத்தறிதான். ராத்திரி அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு பண்ணி, ஒவ்வொரு சாம்பிளிலும் (ஒலியை அளந்த எண்) கடைசி பிட்டை (0 அல்லது 1) மட்டும் உருவி வரிசையாக்கினேன். 0, 1 கிட்டத்தட்ட சரிபாதி வருகிறது, எண்கள் தாறுமாறாக வருகிறதா என்று பார்க்க அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட சோதனைகளிலும் தேறிவிட்டது. ப்ராஜெக்டில் என்கிரிப்ஷன் சாவிக்கு இதை வைக்கலாமா, இல்லை பைத்தான் நிரல்மொழியின் ராண்டம் மாட்யூலே போதுமா?

ஏற்காட்டு மிளகு:
ரெண்டுமே வேண்டாம் தம்பி. பை-யின் தசம இலக்கங்களைக் கொடுத்தாலும் அந்தச் சோதனைகளில் தேறும், ஆனால் அவற்றை யாரும் கணக்குப் போட்டு எடுத்துவிடலாமே. இதுவரை வந்த பிட் அத்தனையும் எதிராளி கையில் இருந்தாலும், அடுத்ததை அவன் காசு சுண்டிப் பார்ப்பதைவிட நன்றாக ஊகிக்கக் கூடாது, அதுதான் கணக்கு. பைத்தான் ராண்டம் உள்ளே இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்கிற சூத்திரம்; 32 பிட் எண்கள் தொடர்ந்து 624 கிடைத்தால் அதன் உள்நிலையை அப்படியே மீட்டு, அடுத்து வருவதையெல்லாம் சொல்லிவிடலாம்.

தறிவீடு:
சரி அண்ணா, ஆனால் தறி ஒன்றும் சூத்திரம் இல்லையே, நிஜச் சத்தம்தானே?

பழைய சர்வர்:
நிஜம்தான், ஆனால் ஒரே தாளத்தில் ஓடுவது. அதைவிட, நிறைய போன்கள் இரைச்சலை வடிகட்டி, சுருக்கித்தான் சேமிக்கும், அப்படியானால் நீங்கள் உருவிய கடைசி பிட் மைக்கிலிருந்து வந்ததே இல்லை, சுருக்கும் நிரல் போட்ட கணக்கு. எதைக் கொடுத்தாலும் 256 பிட்டாக்கித் தரும் எஸ்ஹெச்ஏ-256 சூத்திரத்தில் போட்டு அரைத்தாலும், உள்ளே 20 பிட் அளவுக்குத்தான் ஊகிக்க முடியாதது இருந்தால் வெளியேயும் அவ்வளவுதான். டெபியன் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தில் நடந்ததே இதுதான்: 2006-ல் சாவி உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த ஒரு மாற்றத்தால், சாவி பிறக்கும் விதையில் மாறுவதாக மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் ப்ராசஸ் எண் மட்டும். ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சுமார் 32 ஆயிரம் சாத்தியங்கள், மொத்தத்தையும் பட்டியல் போட்டுவிடலாம். பார்வைக்கு எல்லாச் சாவியும் சுத்தமாகத்தான் இருந்தன, 2008 வரை பெரிதாக யாருக்கும் உறைக்கவில்லை.

பேசாமல் பைத்தானின் சீக்ரெட்ஸ் மாட்யூலை வையுங்கள், அது இயங்குதளத்திடம் கேட்டு வாங்கும். தறியை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பதிவு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் உங்கள் சாவியும் இருக்கிறது.

தறிவீடு:
அதை நேற்றே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். 61 பேர்.