பொருள்: குமிழ்ப்பூக்களில் ‘ஃபோர்சிங்’ – ‘கட்டாயப் பூப்பு’ வேண்டாம்

மதிப்பிற்குரிய சொல்லாக்கக் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குமிழத்திலிருந்து (வெங்காயம் போன்ற நிலத்தடிப் பகுதி, ‘பல்ப்’) முளைக்கும் மணமுள்ள குமிழ்ச்செடிகளை வீட்டுக்குள் வைத்து, இயல்பான பருவம் வருவதற்கு முன்பே பூக்கச் செய்யும் முறையைத் தோட்டக்கலையில் ‘ஃபோர்சிங்’ என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழும ஐயா ஒருவர் ‘கட்டாயப் பூப்பு’ என்றும், தாவரவியல் ஆசிரியையான குழும அம்மா ஒருவர் ‘தூண்டு பூப்பு’ என்றும் பரிந்துரைத்திருக்கிறார்கள். இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை; காரணங்களைச் சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

மணமுள்ள பூங்கொத்து விடும் குமிழ்ச்செடியான ஹயசிந்த்தை எடுத்துக்கொள்வோம். கோடையில் இலைகள் காய்ந்த பிறகு, மண்ணுக்குள் கிடக்கும் குமிழத்தினுள்ளேயே அடுத்த ஆண்டுக்கான பூங்கொத்து உருவாகிவிடுகிறது. பருவம் முதிர்ந்த ஒரு குமிழத்தை நெடுக்காக அறுத்துப் பார்த்தால், வெங்காயம்போல் அடுக்கடுக்காய் இருக்கும் வெண்ணிறச் செதில்களின் நடுவே, அடித்தட்டை ஒட்டி, வெளிறிய சிறு மொட்டுகள் நெருங்கி நிற்பதைக் காணலாம். அவற்றைத் தாங்கும் தண்டு நீண்டு மேலெழ 10 முதல் 14 வாரக் குளிர் தேவை. ஹயசிந்த்தின் தாயகமான துருக்கி, சிரியா, லெபனான் பகுதிகளில் பனிக்காலமே அதைத் தந்துவிடும். மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிதான, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களான மண்டபத்திலோ கீழக்கரையிலோ, குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டுதான் அதற்குப் பனிக்காலம். (அதே பெட்டியில் பழுத்த வாழைப்பழமோ மாம்பழமோ இருக்கக் கூடாது, பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும்.)

ஆக, வளர்ப்பவர் செய்வது குளிர்காலத்தை முன்கூட்டியே கொடுப்பது மட்டுமே. இதில் கட்டாயம் எங்கும் இல்லை. குளிர்நாட்களைக் குறைத்துவிட்டு விரைவில் பூக்கட்டும் என்று வெளிச்சத்தில் வைத்தால், தண்டு எழாமல் பூங்கொத்து இலைகளுக்கிடையே சிக்கி, குட்டையாக நின்று அவிழும். தடியால் அடித்துக் கனியவைக்க முடியாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தக் குமிழத்துக்கு அப்படியே பொருந்தும்போது, அதற்குக் ‘கட்டாயம்’ என்று பெயரிடுவது புதிதாக வளர்க்க வருபவரைத் தவறான வழியில் செலுத்திவிடும்.

‘தூண்டு’ என்பதில் வேறொரு சிக்கல் உண்டு. மொட்டே இல்லாத நிலையிலிருந்து மொட்டு உருவாகத் தொடங்குவதைத்தான் பூத்தல் தூண்டல் என்கிறோம். இங்கே மொட்டு முன்பே உருவாகிவிட்டது. ‘தட்பப்பதனம்’ எனலாமா என்றால், அது பாடநூல்களில் வேறொரு நிகழ்வுக்கு (குளிரால் செடி பூக்கும் திறனைப் பெறுவதற்கு) நிலைபெற்றுவிட்ட சொல். குளிரைக் குறிக்கும் எந்தச் சொல்லும் முழுமையாகப் பொருந்தாது என்பதற்குப் பேப்பர்வைட் நார்சிசஸ் என்ற வெண்பூக் குமிழ்ச்செடி சான்று. குளிரே காட்டாமல் கூழாங்கல்லும் நீரும் இட்ட கிண்ணத்தில் வைத்தாலே அது சில வாரங்களில் பூத்து அறையை மணக்கச் செய்துவிடும்.

எஞ்சியிருப்பது ‘முன்பூப்பு’. சுருக்கமான சொல்தான், ஆயினும் ‘பூப்பு நன்னீராட்டு விழா’ அழைப்பிதழ் வராத தெரு நம் பக்கத்தில் இல்லை. ‘முன்பூப்பு’ என்று படித்தவுடன், சிறுமியர் இளவயதிலேயே பருவமெய்துவதைத்தான் எவரும் நினைப்பார்கள். ஆகவே ‘மலர்த்து’ என்ற பிறவினையைக் கொண்டு ‘முன்மலர்த்துதல்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். மலர்வது செடி, மலர்த்துவது வளர்ப்பவர் என்ற வேறுபாடு இதில் தெளிவாக நிற்கிறது. ‘தைப் பொங்கலுக்கு முன்மலர்த்திய ஹயசிந்த்’ என்று எழுதலாம். குமிழத்தை வாயில் அமர்த்தி வளர்க்கும், கழுத்துக் குறுகிய கண்ணாடிக் கலத்தை, அதாவது குமிழத்தின் அடித்தட்டில் படாமல் மயிரிழை கீழே நீர் நிற்குமாறு நிரப்பி, வேரை மட்டும் நீருக்குள் இறங்கவிடும் கலத்தை, ‘முன்மலர்த்து குவளை’ எனலாம்.

ஓர் எல்லையையும் வரையறுத்துக்கொள்வது நல்லது. நம் கடற்கரை மணல் வடிகாலுக்கு ஏற்றதென்பதால் வீட்டுத் தோட்டங்களில் பலரும் விரும்பி வைக்கும் நிலச்சம்பங்கிக்கு இச்சொல் பொருந்தாது. அதன் கிழங்கைத் தோண்டியெடுத்து 30 நாள் ஆறவிட்டு, ஆனி ஆடியில் 2.5 செ.மீ. ஆழத்தில் நட்டால், ஏறக்குறைய மூன்று மாதத்தில் தண்டு விடும். அந்த 30 நாள் கிழங்கின் உறக்கம். அதைக் கலைப்பது ‘உறக்க நீக்கம்’. பருவத்தை எவரும் அங்கே முன்னுக்கு இழுப்பதில்லை. (உப்பேறிய கிணற்று நீரைப் பாய்ச்சினால் இலை நுனி கருகும் என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும், ஊற்று நீரோ சேமித்த மழைநீரோ இருந்தால் நலம்.)

முன்பே குளிரூட்டி விற்கப்படும் குமிழத்துக்கு இன்னும் பொருத்தமான பெயர் அமையவில்லை. ‘குளிர்பதக் குமிழம்’ என்று எழுதிப் பார்த்தேன். குளிர்பதனக் கிடங்கில் வெறுமனே சேமித்த குமிழத்தையும் அது குறித்துவிடுகிறது. இதற்கும், ‘முன்மலர்த்துதல்’ என்பதற்கும் மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள், அச்சொல்லைப் பெயராகவும் வினையாகவும் பயன்படுத்தி இரண்டு வாக்கியங்கள் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து